முப்பத்திரண்டு அடிப் பறவை வீடு

மாசி 4, திங்கள்

என் பெயர் வெயிலுகந்தான். இதை நானே எழுதினேன். வயது எழுபத்தொன்று என்று அடையாள அட்டையில் இருக்கிறது. அதையும் நானே படித்தேன். ஊர் பூலாங்கரடு.

சாயங்கால வகுப்பில் டீச்சர் தினமும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறார். ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் ஒரு வெற்றிலையை மென்று துப்பிவிடலாம். அப்படியும் எழுதிவிட்டேன். உலகம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன, சொத்த யாருக்கும் எழுதி வைக்கீரா?" என்றாள். என் மனைவி. சொத்து என்றால் அவளுடைய ஆடுகள்தான்.

மாசி 7, வியாழன்

வேலை கிடைத்துவிட்டது!

ஊருக்குக் கிழக்கே கிராவல் குவாரி இருக்கிறது. நாலு வழிச் சாலைக்கு அங்கிருந்துதான் செம்மண் போகிறது. அதன் மேனேஜர் கோமதிநாயகம் எங்கள் வகுப்புக்கு வந்தார். "எழுதத் தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும் டீச்சர். ஆனா ரொம்பத் தெரிஞ்சிருக்கக் கூடாது" என்றார். வகுப்பே என்னைப் பார்த்தது.

வேலை இதுதான். குவாரிக்குப் பக்கத்தில் ஓடைப்பொட்டல் என்ற மேய்ச்சல் நிலம் இருக்கிறது. முதலாளி தவமணி அதையும் தோண்ட அனுமதி கேட்டிருக்கிறார். இப்போதுள்ள குவாரியால் பறவை, பிராணிகளுக்குப் பாதிப்பு என்ன, அதைக் குறைக்க என்ன செய்கிறார் என்று காட்டினால்தான் கிடைக்குமாம். அதனால் ஒரு நாற்காலி, ஒரு குடை, ஒரு விசில், ஒரு கிழவன். நான் பறவைக் காவலர்.

உலகம்மாளின் ஆடுகள் மேய்வது அதே பொட்டலில்தான். அது போனால் ஆடுகளை விற்க வேண்டியதுதான்; வேறு புல் இந்த ஊரில் இல்லை. அவள் சொன்னாள்: "ஒரு கையால புல்லப் பிடுங்குதான், மறு கையால குருவிக்கு ஆளு போடுதான். நீரு எந்தப் பக்கம்?"

"நாற்காலி போட்ட பக்கம்" என்றேன். ராத்திரி ரசத்தில் உப்பு இல்லை.

மாசி 8, வெள்ளி

படிக்கத் தெரிந்ததிலிருந்து எந்தப் போர்டையும் விடுவதில்லை. குவாரி வாசலில் ஒரு போர்டு இருக்கிறது. மூன்று வருஷமாக அதன் நிழலில் பீடி குடித்திருக்கிறேன், இன்றுதான் படித்தேன். அனுமதி எண், பரப்பு, பிறகு "அனுமதிக்கப்பட்ட ஆழம்: ஆறரை அடி."

உள்ளே போனேன். பள்ளத்தின் அடியில் நிற்கிற லாரி மேலிருந்து தீப்பெட்டி மாதிரி தெரிகிறது. டீச்சர் கணக்குப் பாடம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாசி 13, புதன்

பள்ளத்தின் நடுவில் ஒரு மண் தூண் நிற்கிறது. மேலே வண்டி அகலம், கீழே வரவரப் பருமன். இதைச் சாட்சி என்போம். மண்வெட்டு வேலையில் இது வழக்கம். எவ்வளவு ஆழம் தோண்டினோம் என்று அளப்பதற்காக நடுவில் கொஞ்சம் தரையை வெட்டாமல் விடுவது. முதல் நாள் அதன் மேல்தான் சந்தனம் வைத்துப் பூசை. அளந்து முடித்த பிறகு தேங்காய் உடைத்து அதை வெட்டுவார்கள். குளம் வெட்டப் போன காலத்தில் நானும் எத்தனையோ சாட்சிகளைச் சுற்றி வெட்டியிருக்கிறேன்.

இங்கே யாரும் அளக்க வரவில்லை. ஆகவே சாட்சி நிற்கிறது.

லாரி சுற்றிப் போக வேண்டியிருக்கிறது, அதை வெட்டிவிடு என்று மேனேஜர் இன்று சொன்னார். ஜேசிபி ஓட்டும் மகராசன் என்னிடம் வந்தான். "பாட்டையா, அளக்காமச் சாட்சிய வெட்டலாமா?"

"எனக்கென்ன தெரியும்? எங்க காலத்துல வெட்டமாட்டோம். வெட்டுன ஒருத்தன் கடேசில படுத்த படுக்கையாக் கெடந்து செத்தான்."

எந்த வயதில் என்று அவன் கேட்கவில்லை. தொண்ணூறு இருக்கும்.

அவன் வெட்டவில்லை.

மாசி 19, செவ்வாய்

வருகிற பறவை, பிராணிகளை நோட்டில் எழுதும் வேலையில் சிக்கல். முதல் வாரம் நான் பார்த்ததை மட்டும் எழுதினேன். காகம். மறுபடியும் காகம். மேனேஜர் படித்துவிட்டு, "என்ன பாட்டையா, இழவு வீடு மாதிரி இருக்கு? மயிலு, முயலு, உடும்பு எல்லாம் வரட்டும்" என்றார். எழுத்துக்குப் பஞ்சமா? எல்லாவற்றையும் வரவழைத்தேன்.

இன்று ஓடி வந்தார். "ஐயோ, இவ்வளவு இருந்தா இது சரணாலயம்னு சொல்லிப் பூட்டிருவாவ! கொறையும்."

எவ்வளவு வேண்டும் என்று கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "இருக்கணும், ஆனா நம்மள அதுக கண்டுக்கிடக் கூடாது" என்றார். அப்படிப்பட்ட பிராணி எங்கள் பக்கம் சம்பந்தி வீட்டார்தான்.

மாசி 27, புதன்

பாதிப்பைக் குறைக்கும் வேலைகள் நடக்கின்றன.

சாலையில் ஒரு போர்டு: "வனவிலங்குகள் கடக்கும் இடம். மெதுவாகச் செல்லவும்." அதில் யானை படம். பெயின்டருக்கு யானை மட்டும்தான் வரையத் தெரியுமாம். லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி யானையைத் தேடுகிறார்கள். அந்த வகையில் வேகம் குறைந்திருக்கிறது.

பிராணிகள் குடிக்க ஒரு சிமெண்ட் தொட்டி. அதில் கிளீனர் பையன்கள் குளிக்கிறார்கள். சோப்பு நுரையைப் பார்த்துவிட்டு ஒரு கீரி திரும்பிப் போனதை என் கண்ணால் பார்த்தேன்.

வேப்பங்கன்றுகள் நட்டார்கள். ஒவ்வொன்றிலும் முதலாளி பெயர் எழுதிய தகடு. சாயங்காலத்துக்குள் தகடு மட்டும் நின்றது. ஆடுகள் யாருடையவை என்று மேனேஜர் என்னைக் கேட்டார். எல்லா ஆடும் ஒரே மாதிரிதானே இருக்கிறது என்றேன்.

பங்குனி 1, ஞாயிறு

சாட்சியில் பஞ்சுருட்டான்கள் வந்திருக்கின்றன. பச்சைக் குருவி, நீண்ட வால், கண்ணுக்குக் கறுப்பு மை. மூக்கால் மண்ணைக் குத்தி, காலால் பின்னால் வாரி எறிந்து பொந்து தோண்டுகின்றன. லாரியின் அதிர்வுக்குப் பயப்படவில்லை. மற்ற சுவர்களைத் தினமும் வெட்டுவதால் வெட்டாத இந்த மண்ணைத் தேடி வந்துவிட்டன.

ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இல்லை. போயிருந்தேன்.

பங்குனி 5, வியாழன்

அனுமதிக்கு வேண்டிய பறவை அறிக்கையை எழுதச் சென்னையிலிருந்து சாருலதா மேடம் வந்தார். இன்று மட்டும் ஜேசிபி ஓடவில்லை, சாலைக்குத் தண்ணீர் தெளித்தார்கள், தொட்டியைக் கழுவினார்கள். மேடம் சுற்றிப் பார்த்து, "தினமும் இவ்வளவு அமைதியா?" என்று கேட்டார். "ஆமா மேடம், குருவிக்குத் தொந்தரவா இருக்கும்லா" என்றார் மேனேஜர். அவருக்கு ரொம்ப இளகிய மனசு.

யானைப் போர்டின் முன்னால் மேடம் வெகுநேரம் நின்றார். தோள் குலுங்கியது. இருமல் என்று சொன்னார்.

பிறகு பள்ளத்தில் இறங்கிப் பஞ்சுருட்டானைப் பார்த்தார். அப்புறம் அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. "இங்க உண்மையா நடந்திருக்கிற ஒரே நல்ல விஷயம் இதுதான். இந்தத் தூணை இப்படியே விடணும்."

"விட்டா அனுமதி கெடைக்குமா?" என்றார் மேனேஜர்.

"விட்டா நல்லதுன்னு எழுதலாம்."

பொந்துகள் எந்த உயரத்தில் இருக்கின்றன என்று பார்க்க, உச்சியிலிருந்து அடிவரை நாடா விட்டார்கள். முப்பத்திரண்டு அடி. மேடம் நாடாவைப் பார்த்தார். வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நான் குருவியைப் பார்த்தேன்.

"ஐயா, இங்க ஒரு போர்டு வச்சா நல்லா இருக்கும்ல? உயரம் எல்லாம் போட்டு?"

"நீங்க படிச்சவுக" என்றேன்.

பங்குனி 7, சனி

முதலாளி தவமணிக்குப் போர்டு யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. மேனேஜர் மட்டும் "சின்னதா வப்போமா அண்ணாச்சி?" என்று இழுத்தார்.

நான், "பெரிய அதிகாரிங்க கார விட்டு எறங்கமாட்டாவ, எழுத்து தூரத்துல தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கெழவனுக்கு இருக்க அறிவு ஒனக்கு இல்லையே கோமதி" என்றார் முதலாளி.

பங்குனி 20, வெள்ளி

திறப்பு விழா. ரிப்பன், கேசரி, மைக் செட், பத்திரிகைக்காரர் ஒருவர். போர்டு நல்ல நீலம். நான்தான் எல்லோர் முன்னாலும் உரக்கப் படித்தேன்:

"பறவைகள் குடியிருப்பு. உயரம் முப்பத்திரண்டு அடி. உச்சி முதல் அடி வரை மனிதக் கை படாத இயற்கை மண். தொடாதீர்."

எங்கும் திக்கவில்லை. கைதட்டினார்கள். முதலாளி எனக்குத் துண்டு போர்த்தினார். பிறகு பேசினார்: "பூமி நமக்கு மட்டும் சொந்தமில்ல." அவர் பின்னால் இரண்டு லாரி பூமி வெளியே போய்க்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உலகம்மாள் துண்டைத் தொட்டுப் பார்த்தாள். "பொட்டலு போற அன்னைக்கும் இதே மாதிரி ஒண்ணு போடுவானா?"

கேசரி கொஞ்சம் கொண்டுவந்திருந்தேன். அவள் தொடவில்லை.

பங்குனி 28, சனி

பொந்துக்குள் முட்டை இருக்க வேண்டும். ஒன்று உள்ளே போனால் ஒன்று வெளியே வருகிறது. கம்பிவேலியில் வரிசையாக உட்கார்ந்து தேனீயை அடித்து அடித்துக் கொடுக்கை நீக்குகின்றன. நான் சாப்பாட்டுத் தூக்கை அங்கேயே கொண்டுபோய்விடுகிறேன்.

சித்திரை 3, வியாழன்

குஞ்சுச் சத்தம். உள்ளே எத்தனை என்று தெரியவில்லை. பசி மட்டும் தெரிகிறது.

சித்திரை 8, செவ்வாய்

எழுத நிறைய இருக்கிறது, மெதுவாக எழுதுகிறேன்.

பொட்டலுக்கு அனுமதி தரலாமா என்று பார்க்கப் பெரிய அதிகாரி வந்தார். ஐம்பது வயது அம்மா, கூட இரண்டு பேர். மாலை, இளநீர், குடை. அந்த அம்மா காரை விட்டு இறங்கினார். வாசல் போர்டைப் படித்தார். பள்ளத்துக்குள் நடந்து வந்தார். நீலப் போர்டைப் படித்தார். திரும்பவும் படித்தார்.

"முப்பத்திரண்டு அடியா?"

"ஆமா மேடம்" என்றார் மேனேஜர். அவர் பெருமையை அடக்க முடியவில்லை. "இந்தச் சுத்து வட்டாரத்துலயே இந்த ஒசரத்துக்குக் கெடையாது."

"மண்ணைக் குவிச்சுக் கட்டினீங்களா?"

"சேச்சே! ஒரு கூடை மண்ணு மேல ஏத்தல மேடம். உச்சி பழைய தரை. அப்படியே ஒரிஜினல்."

"உச்சி பழைய தரை" என்றார் அந்த அம்மா. தன் காலடியைப் பார்த்தார். "அப்போ நாம எங்க நிக்கிறோம்?"

கூட வந்தவரில் ஒருவர் இளநீரின் அடியை உறிஞ்சினார். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் முகத்தில் வேர்வை அரும்பியதை, அது இறங்கியதை, நான் முழுசாகப் பார்த்தேன். முதலாளி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது.

"நாளைக்குக் காலைல அளக்க ஆள் வரும். எதையும் தொடக் கூடாது. உங்க போர்டுலயே எழுதியிருக்கீங்க."

கார் போன பிறகுதான் ஆட்டம். "ஏல மகராசா, வெட்டுல அத!" என்று முதலாளி கத்தினார்.

"அளவு முடியாமத் தொடமாட்டேன் மொதலாளி. பூச போட்ட மண்ணு."

"நான் சொல்லுதேன்லல!"

"நீங்கதான பூச போட்டீய."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டி, தானே ஜேசிபியில் ஏறினார். பழைய டிராக்டர் டிரைவர்தான். நான் விசிலை எடுத்து ஊதினேன். அது அதற்காகக் கொடுத்ததுதான். மூச்சு நின்று போகும்வரை ஊதினேன். பொட்டலில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் பள்ளத்தின் விளிம்புக்கு ஓடி வந்தார்கள். உலகம்மாள் மேலே இருந்து கத்தினாள்:

"மொதலாளி! தொடாதீர்னு போட்டிருக்காம்லா! எங்க வீட்டு மனுசன் படிச்சுச் சொன்னாரு!"

மண் அள்ளும் வாளி தூணின் கீழ்ப்பக்கத்தில் இறங்கியது. ஒரு பெரிய துண்டு சரிந்து ஜேசிபியின் மூக்கு மேலேயே விழுந்தது. முன் சக்கரம் புதைந்துவிட்டது. முதலாளி மறுபக்கம் குதித்து ஓடினார், ஒரு செருப்போடு. வண்டி முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை.

தூணில் பாதி நிற்கிறது. உச்சி நிற்கிறது. போர்டும் நிற்கிறது.

சித்திரை 9, புதன்

அளந்தார்கள். படம் எடுத்தார்கள். ஜேசிபி இன்னும் மண்ணைக் கவ்விக்கொண்டிருந்தது, அதையும் எடுத்தார்கள். குவாரிக்குப் பூட்டுப் போட்டார்கள். ஊரே சிரித்தது. டீக்கடையில் எனக்கு மரியாதை.

சித்திரை 10, வியாழன்

விழுந்த பக்கத்தில் மூன்று பொந்து இருந்தது.

ஒரு பஞ்சுருட்டான் தட்டானைக் கவ்விக்கொண்டு வந்தது. பொந்து இருந்த இடத்துக்கு நேராக, காற்றில் நின்று சிறகடித்தது. போய்க் கம்பியில் உட்கார்ந்தது. திரும்ப வந்து அதே இடத்தில் நின்றது.

சித்திரை 11, வெள்ளி

வந்தது.

சித்திரை 14, திங்கள்

வகுப்புக்குப் போகவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடித்தேன். கூரையில் ஒரு ஓடு மாற்றினேன்.

உலகம்மாள், "என்ன, எழுத்தெல்லாம் மறந்து போச்சா?" என்றாள். வெயில் அதிகம்.

சித்திரை 22, செவ்வாய்

மீதிப் பொந்துகளிலிருந்து குஞ்சுகள் வெளியே வந்துவிட்டன. வால் இன்னும் வளரவில்லை. கம்பியில் நெருக்கி உட்கார்ந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன.

மகராசன் பார்க்க வந்தான். அவனுக்குச் செங்கல் சூளையில் வேலை கிடைத்திருக்கிறது. "பாட்டையா, எல்லாம் ஒம்ம வேலைதானன்னு ஊர்ல பேசுதாவ" என்றான். நான் கம்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வைகாசி 4, திங்கள்

தாள் வந்தது. பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்ததை ஊருக்குப் படித்துக் காட்டினேன். ஓடைப்பொட்டலைத் தோண்ட அனுமதி இல்லை. பழைய குவாரியும் திறக்காது. பெண்கள் குலவை போட்டார்கள்.

ராத்திரி ரசத்தில் உப்பு சரியாக இருந்தது. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து ஓலைவிசிறியால் வீசினாள். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தக் குருவிக்கு மறுபடி முட்டை வைக்கத் தெரியும்லா?" என்றாள்.

"தெரியும்" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது.

வைகாசி 12, செவ்வாய்

மேனேஜர் கோமதிநாயகம் வீட்டுக்கு வந்தார், புதுச் சட்டையில். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று உலகம்மாள் உலக்கைப் பக்கத்தில் போய் நின்றாள். அவரோ மாம்பழம் கொண்டுவந்திருந்தார்.

மேற்கே எட்டு மைல் தள்ளி ஒரு குவாரியில் அவருக்கு வேலை கிடைத்துவிட்டதாம். சம்பளமும் கூட. "பறவ விஷயத்துல அனுபவம் இருக்குன்னு சொன்னேன். ஒடனே எடுத்துக்கிட்டாவ" என்றார். பத்திரிகையில் வந்த படத்தை அந்த முதலாளியிடம் காட்டினாராம். பூட்டுப் போட்ட செய்தியைக் காட்டவில்லை.

"அங்கயும் ஒரு தூண் விடப்போறோம் பாட்டையா."

"அங்கயுமா?"

"இந்தத் தடவ புத்தியா. மேல தலையச் சீவிட்டு, ஆறரை அடிக்கு மட்டும் விடுவோம். எவன் வந்து அளந்தாலும் சரியா இருக்கும்." மாம்பழத்தை என் பக்கம் நகர்த்தினார். "நீரு காவலுக்கு வரணும். குருவி ஒமக்குத்தான் பழக்கம்."

"கொன்னுருவேன், போகக் கூடாது" என்றாள் உலகம்மாள்.

நான் யோசித்தேன். பழைய தரையில் புல்லும் வேரும் இருக்கும். சீவின தலை மொட்டையாக இருக்கும். பார்க்கத் தெரிந்தவர் பார்த்தால் போதும். இதை அவரிடம் ஏன் சொல்ல வேண்டும்?

"வாரேன்" என்றேன். "நாற்காலியும் குடையும் வேணும்."

"கண்டிப்பா. ஒரு போர்டும் அடிக்கச் சொல்லிருக்கேன். நீல பெயின்ட்டு."

"போர்டு மட்டும் குஞ்சு பறந்த பெறகு வையும்."

"அது ஏன்?"

"பெயின்ட்டு வாடை குஞ்சுக்கு ஆகாது" என்றேன்.